நிகழ்வும் வினையும்: தொடக்கநிலை இணையப்பக்க நிரலாக்கப் பாடங்களின் தமிழ்நடை குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இணையப்பக்கத்தில் பயனர் செய்யும் சொடுக்கல், தட்டச்சு, தொடுகை முதலியவற்றை நிரல் உணர்ந்து செயற்படுவது நிகழ்வுக் கையாளுகை எனப்படுகிறது. தமிழ்வழியில் நிரலாக்கம் பயிலத் தொடங்குவோர் பெரிதும் இடறும் இடங்களுள் இது ஒன்று. இவ்விடறலுக்குக் கருத்தின் கடினம் மட்டுமே காரணமன்று. அதை விளக்கப் பயன்படும் தமிழ்நடையும் காரணமாகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். நன்னூல் வினையிலக்கணத்தையும், எச்சம், ஏவல், தொழிற்பெயர் ஆகிய வடிவங்களையும் துணைக்கொண்டு இந்நடை மதிப்பிடப்படுகிறது. காரைக்குடி வட்டாரத்திலிருந்து எடுத்துக்காட்டுகள் முன்வைக்கப்படுகின்றன. தமிழ் உள்ளீட்டைக் கருதாத நிகழ்வுப் பாடம் தமிழ் மாணவருக்கு முழுமையான பாடம் ஆகாது என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: நிகழ்வு, வினைமுற்று, வினையெச்சம், ஏவல், தொழிற்பெயர், ஜாவாஸ்கிரிப்ட், தமிழ் உள்ளீடு, தமிழ்வழிக் கல்வி.

முன்னுரை

அறிவியலைத் தமிழில் பயிற்றுவிப்பது குறித்த உரையாடலில் காரைக்குடிக்குத் தனியிடம் உண்டு. வள்ளல் அழகப்பர் 1947இல் தொடங்கிய கல்லூரியும், 1985இல் உருவான அழகப்பா பல்கலைக்கழகமும் இவ்வூரை அறிவியலும் தமிழும் அருகருகே வளரும் கல்வி நகரமாக்கின. அழகப்பா கல்லூரியில் பணியாற்றிய மூதறிஞர் வ.சுப. மாணிக்கம் பிற்காலத்தில் தமிழ்வழிக் கல்வி இயக்கத்தைத் தோற்றுவித்தார். தமிழால் அறிவியலைக் கற்பிக்க முடியுமா என்ற வினா அவர் காலத்தில் முதன்மை பெற்றிருந்தது. தமிழில் எழுதப்படும் அறிவியல் பாடம் தமிழின் ஆற்றலை முழுமையாகப் பயன்கொள்கிறதா என்பது இன்று எழும் வினா.

தமிழ்நாட்டில் 2018-19ஆம் கல்வியாண்டில் அறிமுகமான புதிய பாடத்திட்டத்தின்படி, பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடம் மீயுரைக் குறிமொழி, நடைத்தாள், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றை மேல்நிலை மாணவருக்குக் கொண்டுசேர்த்தது. தமிழ்வழியில் பயிலும் ஒரு மாணவர் பள்ளியிலேயே இணையப்பக்கம் எழுதத் தொடங்குவது பாராட்டத்தக்க மாற்றம். ஜாவாஸ்கிரிப்டுக்கு அப்பாடநூல் ஒதுக்கும் இயல்கள் மூன்று: அறிமுகம், கட்டுப்பாட்டு அமைப்புகள், செயற்கூறுகள். நூலின் நிறைவில் கணினித் தமிழ் பற்றிய இயல் அமைகிறது. இவ்வமைப்பில் நோக்கத்தக்கவை இரண்டு. ஒன்று, நிகழ்வு தனி இயலாக இடம்பெறவில்லை. மற்றொன்று, கணினித் தமிழ் நிரலாக்கத்தின் உள்ளே வராமல் நூலின் இறுதியில் தனித்து நிற்கிறது. இவ்விரண்டும் ஒரே குறையின் இரு முகங்கள் எனக் கொள்ள இடமுண்டு.

நிகழ்வு என்னும் கருத்து

மாணவர் முதலில் கற்கும் நிரல் மேலிருந்து கீழாக ஓடுகிறது. ஒரு கட்டளை முடிந்ததும் அடுத்த கட்டளை தொடங்கும். எதை எப்போது செய்வது என்பதை நிரலை எழுதியவரே முடிவு செய்கிறார். நிகழ்வுசார் நிரலில் இவ்வொழுங்கு தலைகீழாகிறது. எழுதியவர் செயலை ஆயத்தப்படுத்தி வைக்க மட்டுமே முடியும். அது நடைபெறும் வேளையைப் பயனர் முடிவு செய்கிறார். நிபந்தனையும் சுழற்சியும் நன்கு கற்ற மாணவர்கூட இங்குத் திகைப்பதற்குக் காரணம், அவர் கற்ற ஒழுங்கே மாறிவிடுவதுதான்.

பிரெண்டன் ஐக் 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்துக்காக ஜாவாஸ்கிரிப்டை வடிவமைத்தபோதே அது பயனரின் செயலுக்கு மறுமொழி தரும் மொழியாக அமைந்தது. தொடக்கத்தில் 'ஆன்கிளிக்' போன்ற பண்புகள் குறிமொழியின் உள்ளேயே எழுதப்பட்டன. நிகழ்வு வெளிப் பொருளிலிருந்து உள்ளே செல்வதாக நெட்ஸ்கேப் உலாவி கருதியது. உள்ளிருந்து வெளியே எழுவதாக மைக்ரோசாப்ட் உலாவி கருதியது. உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2000 நவம்பரில் வெளியிட்ட ஆவணப் பொருள் மாதிரியின் இரண்டாம் நிலைத் தரம் இவ்விரு போக்குகளையும் இணைத்தது. 'ஆட்ஈவென்ட்லிசனர்' என்னும் பொதுமுறையையும் வகுத்தது. இன்று கற்பிக்கப்படுவது இம்முறையே.

தமிழில் இக்கருத்துக்கு 'நிகழ்வு' என்னும் சொல் நிலைபெற்றுள்ளது. பக்கம் ஏற்றப்பட்டு முடிதல், படம் வந்துசேராமை போன்றவற்றில் மனிதச் செய்பவர் எவரும் இல்லை. அவற்றுக்கு இச்சொல் முற்றும் பொருந்தும். சொடுக்கல், தட்டல், இழுத்தல் ஆகியவையோ ஒருவர் செய்பவை. 'நிகழ்வு' என்ற சொல் செய்பவரை மறைத்துவிடுகிறது. ஆகவே நிகழ்வைப் பொதுச்சொல்லாகவும், 'பயனர் வினை' என்பதை அதன் உட்பிரிவாகவும் கொள்வது தெளிவு தரும். இது புதுச்சொல் படைக்கும் விருப்பத்தால் எழுந்த பரிந்துரை அன்று. 'வினை' என்றவுடன் தமிழ் மாணவருக்கு ஓர் இலக்கண அமைப்பே நினைவுக்கு வரும் என்பதே இதன் பயன்.

வினைமுற்றின் ஆறும் நிகழ்வுப்பொருளும்

வினைமுற்று ஆறு கூறுகளை உணர்த்தவல்லது என்பது நன்னூலார் கொள்கை. செய்பவர், செயலுக்குரிய கருவி, அது நடக்கும் இடம், செயல், காலம், செய்யப்படும் பொருள் என அவற்றை விளக்கலாம். பயனர் ஒரு பொத்தானைச் சொடுக்கியதும் உலாவி ஒரு நிகழ்வுப்பொருளை உருவாக்கிச் செயற்கூற்றிடம் ஒப்படைக்கிறது. அப்பொருளின் உள்ளடக்கத்தை இவ்வாறு கூறுகளோடு ஒப்பிடலாம்.

நிகழ்வின் வகை செயலைக் குறிக்கும். 'டார்கெட்' என்னும் பண்பு செய்யப்படும் பொருளைச் சுட்டும். 'டைம்ஸ்டாம்ப்' காலத்தைத் தரும். கிடை, செங்குத்து ஆயங்கள் இடத்தை உணர்த்தும். சுட்டியா, விரலா, எழுதுகோலா எனக் காட்டும் பண்பு கருவியைத் தெரிவிக்கும். எஞ்சியிருப்பது செய்பவர். 'ஈஸ்டிரஸ்டெட்' என்னும் பண்பு, அந்நிகழ்வு உலாவியால் எழுப்பப்பட்டதா, நிரலால் செயற்கையாக எழுப்பப்பட்டதா என்பதை மட்டுமே சொல்லும். செய்தவர் யார் என்று சொல்லாது.

இவ்வொப்பீட்டின் பயன் அதன் நிறைவில் மட்டும் இல்லை. அது முறியும் இடத்திலும் உண்டு. தமிழ் வினைமுற்றின் விகுதி திணை, பால், எண், இடம் காட்டிச் செய்பவரை வெளிப்படுத்தும். நிகழ்வுப்பொருளில் அவ்விகுதி இல்லை. சொடுக்கியவர் ஆசிரியரா மாணவரா என்பதை நிகழ்வால் அறிய இயலாது; அதற்கு உள்நுழைவு போன்ற வேறு ஏற்பாடு வேண்டும். பொத்தானைச் சொடுக்கியதைக் கொண்டே பயனரின் அடையாளத்தை உறுதிசெய்துவிடலாம் எனத் தொடக்கநிலை மாணவர் கருதுவதுண்டு. செய்பவரை உணர்த்தாத வினை இது என்று விளக்கினால் அம்மயக்கம் நீங்கும். மேலும், நன்னூலின் ஆறு மொழியின் கூறுகள். நிகழ்வுப்பொருளின் பண்புகள் பொறியமைப்பின் கூறுகள். முன்னதில் பின்னது முன்பே சொல்லப்பட்டுவிட்டது என வாதிடுவது ஆய்வாகாது. கற்பிக்கும் வாயில் என்ற அளவிலேயே இவ்வொப்பீடு செல்லத்தக்கது.

'சொடுக்கினால்' என்பதன் மயக்கம்

பொத்தானைச் சொடுக்கினால் நிறம் மாறும் என்று விளக்குவது தமிழில் இயல்பாக அமையும் தொடர். ஆனால் நிபந்தனைக் கட்டளையைக் கற்பிக்கும்போதும் இதே வாய்பாடு கையாளப்படுகிறது: மதிப்பெண் 35க்குக் குறைந்தால் தேர்ச்சியில்லை. முதல் தொடரில் உள்ள 'ஆல்' எதிர்காலத்தில் எத்தனை முறையும் நடக்கக்கூடிய ஒன்றுக்காகக் காத்திருப்பதைக் குறிக்கிறது. இரண்டாவதில் உள்ள 'ஆல்' நிரல் அவ்வரியை அடையும் கணத்தில் ஒருமுறை சோதிப்பதைக் குறிக்கிறது. வடிவம் ஒன்றே, கணினி செய்யும் வேலை வேறு. இரண்டையும் ஒரே எச்சத்தால் கற்ற மாணவர், சொடுக்கலையும் நிபந்தனைக் கட்டளைக்குள் எழுதிவிட்டு, பக்கம் ஏன் அசையவில்லை என்று வியப்பது எதிர்பார்க்கத்தக்கதே.

இக்குறை மொழியினுடையதன்று, மொழியின் பிற வடிவங்களைப் பயன்படுத்தாததால் வந்தது. தமிழில் இதற்கு எச்சங்களும் எச்சம் சார்ந்த தொடர்களும் பல உள்ளன. 'அழுத்தும்போது' என்பது பொத்தான் கீழிறங்கும் நிகழ்வுக்குப் பொருந்தும். அழுத்தலும் விடுத்தலும் முடிந்த பின்னரே சொடுக்கல் நிகழ்வு எழுவதால், 'சொடுக்கியதும்' என்பது வரிசையைத் துல்லியமாகக் காட்டும். ஒவ்வொரு முறையும் செயற்கூறு இயங்கும் என்பதைச் 'சொடுக்குந்தோறும்' உணர்த்தும். ஒரே முறை இயங்கி நீங்கும் வகையை 'முதன்முறை சொடுக்கியதும்' எனலாம். விசையை விடாமல் அழுத்தியிருந்தால் விசை இறங்கல் நிகழ்வு மீண்டும் மீண்டும் எழும். அதற்கு 'அழுத்தியிருக்கும்வரை' என்ற தொடர் உண்டு. எனவே 'ஆல்' ஈற்றை நிபந்தனைக் கட்டளைக்கு ஒதுக்கி, நிகழ்வுக்குத் 'தோறும்', 'அதும்', 'போது' ஆகியவற்றைத் திட்டமாகக் கையாள்வது பாடநூல் நடையில் செய்யத்தக்க எளிய திருத்தம். ஆங்கிலப் பாடத்தின் சொற்களைப் பின்தொடர்ந்து மொழிபெயர்க்கும் நடையைவிட இது நுட்பமான வேறுபாடுகளைக் காட்டவல்லது.

ஏவலும் தொழிற்பெயரும்

தொடக்கநிலையில் பரவலாகக் காணப்படும் மற்றொரு பிழை, நிகழ்வுக்குச் செயற்கூற்றின் பெயரை ஒப்படைப்பதற்கு மாறாக அதை அங்கேயே அழைத்துவிடுவது. பெயரை அடுத்து ஒரு பிறை அடைப்பு இணை சேர்ந்தாலே போதும். செயற்கூறு உடனே இயங்கிவிடும். பக்கம் திறந்தவுடன் நிறம் மாறும். பின்னர்ச் சொடுக்கியும் பயனிராது.

தமிழில் 'மாற்று' என்பது வினையடியும் ஆகும். ஒருமை ஏவலும் ஆகும். செயற்கூற்றுக்கு அப்பெயரை இட்டால், பெயருக்கும் கட்டளைக்கும் உள்ள வேறுபாடு சொல்லளவில் தோன்றாது. 'நிறமாற்றல்' எனத் தொழிற்பெயராக இட்டால் அது ஒரு செயலின் பெயர் என்பது விளங்கும். அடைப்பு இணை சேரும்போது அது 'நிறத்தை மாற்று' என்னும் ஏவலாகிறது எனக் கற்பிக்கலாம். நிகழ்வுக்கு ஒப்படைக்கப்படுவது தொழிற்பெயர். உடனே இயங்குவது ஏவல். பள்ளி இலக்கண வகுப்பில் மாணவர் ஏற்கெனவே அறிந்த வேறுபாடு இது.

இப்பரிந்துரை விளக்கவுரைக்கு மட்டும் உரியதன்று. ஜாவாஸ்கிரிப்டில் மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழ் எழுத்துகளாலேயே பெயரிட இயலும். உயிர்க்குறியும் புள்ளியும் பெயரின் நடுவிலும் இறுதியிலும் ஏற்கப்படுகின்றன. கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும், மாணவர் தாமே இடும் பெயர்கள் தமிழில் அமையலாம். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் போன்ற நிரல்மொழிகள் கட்டளைச் சொற்களையும் தமிழாக்கின. இங்குக் கூறப்படுவது அதைவிடச் சிறிய படி. நடப்பிலுள்ள பாடத்திட்டத்துக்குள்ளேயே இயலும் படி.

முகப்பும் வளவும்: நிகழ்வின் பயணம்

நிகழ்வு ஒரு பொருளில் மட்டும் தங்குவதில்லை. அது ஆவணத்தின் வெளிப்புறத்திலிருந்து இலக்குப் பொருள் வரை உட்சென்று, பின்னர் அங்கிருந்து வெளிநோக்கி எழுகிறது. இதை நீரில் எழும் குமிழியாகச் சொல்லும் உவமை நூல்களில் வழங்குகிறது. குமிழி எழுவதை அது காட்டும்; உட்செல்லும் பயணத்தைக் காட்டாது.

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பு இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். முகப்பைக் கடந்து வளவு, வளவைக் கடந்து இரண்டாங்கட்டு என அமைந்த வீட்டில், உள்ளே இருப்பவருக்கான செய்தி ஒவ்வொரு பகுதியாகக் கடந்தே செல்லும். மறுமொழியும் அவ்வழியே திரும்பும். உட்செல்லும்போது முகப்பில் இருப்பவர் செய்தியை முதலில் அறிவார். வெளிவரும்போது கடைசியில் அறிவார். இடையிலுள்ள ஒருவர் அதை அங்கேயே நிறுத்திவிடவும் கூடும். நிகழ்வின் இரு கட்டங்களும், பரவலை நிறுத்தும் வழியும் இதில் அடங்குகின்றன. எனினும் வீட்டின் கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பவை. ஆவணத்தின் கூறுகள் ஒன்றனுள் ஒன்றாக அடங்குபவை. இவ்வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால் உவமை புதிய மயக்கத்தைத் தரும்.

அடங்கும் தன்மையை ஆத்தங்குடித் தரைக்கற்களால் விளக்கலாம். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து வண்ணச் சிமென்ட் கலவையைக் கையால் ஊற்றி உருவாக்கப்படும் இக்கற்கள் மாணவர் அன்றாடம் காண்பவை. 10 வரிசை, வரிசைக்கு 10 கல் என 100 கற்கள் கொண்ட ஒரு தரையைப் பக்கத்தில் வரைந்து, சொடுக்கிய கல்லின் நிறத்தை மாற்றுவது பயிற்சி எனக் கொள்வோம். மாணவர் ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியாக 100 முறை செயற்கூற்றை இணைக்க முற்படுவார். நிகழ்வு வெளிநோக்கி எழுவதை அறிந்தவர் தரைக்கு ஒன்றை மட்டும் இணைப்பார். தொடப்பட்ட பொருள் கல். காத்திருந்த பொருள் தரை. இவ்விரண்டையும் பிரித்தறிவதே பாடத்தின் மையம். பின்னர் ஒரு வரிசை கூட்டப்பட்டாலும் நிரலை மாற்ற வேண்டியதில்லை என்பதை மாணவர் தாமே கண்டறிவார்.

தமிழ் உள்ளீடு: பாடம் தவறவிடும் இடம்

இதுவரை கூறியவை நடை பற்றியவை. பாடத்தின் உள்ளடக்கத்தையே பாதிப்பது தமிழ் உள்ளீடு. நிகழ்வுப் பயிற்சிகளில் பரவலானவை இரண்டு: பெட்டியில் தட்டச்சிடும் எழுத்துகளை எண்ணுதல், பெயர் சரியாக உள்ளதா எனச் சோதித்தல். இவ்விரண்டும் ஆங்கில எழுத்தை மனத்திற்கொண்டு அமைந்தவை.

'காரைக்குடி', 'சிவகங்கை' இரண்டும் ஐந்தெழுத்துச் சொற்கள். ஜாவாஸ்கிரிப்ட் முன்னதன் நீளத்தை 10 என்றும், பின்னதன் நீளத்தை 8 என்றும் கூறும். ஒருங்குறியில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படுவதே காரணம். ஊர்ப்பெயருக்கு 8 என மேல்வரம்பு வைத்த படிவம் சிவகங்கையை ஏற்கும். காரைக்குடியை முழுமையாக ஏற்காது. தொல்காப்பியம் முதல் எழுத்தை எண்ணி வகுத்த ஒரு மரபில் பயிலும் மாணவருக்கு, 'எழுத்து' என்பதற்குக் கணினி வேறு பொருள் கொள்கிறது என்பது சொல்லப்பட வேண்டும்.

தட்டச்சும் இவ்வாறே. 1999இல் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் ககர விசையை இருமுறை அழுத்தினால் 'க்க' எனப் புள்ளி தானே அமையும். இரண்டாம் அழுத்தல் புதிய எழுத்தைச் சேர்ப்பதோடு முன்னைய எழுத்தையும் மாற்றுகிறது. ஆகவே ஒரு விசை, ஒரு நிகழ்வு, ஓர் எழுத்து என்னும் சமன்பாடு தமிழில் நிலைக்காது. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் திரைவிசைப்பலகையிலோ, விசை இறங்கல் நிகழ்வு எந்த விசை என்பதைப் பெரும்பாலும் தெரிவிப்பதே இல்லை. 229 என்னும் பொதுக் குறியெண்ணே வரும். விசை நிகழ்வை நம்பி எழுதிய நிரல் மடிக்கணினியில் இயங்கிக் கைப்பேசியில் பொய்க்கும். பெட்டியின் உள்ளடக்கம் மாறியதை அறிவிக்கும் உள்ளீட்டு நிகழ்வே தமிழுக்குத் தக்கது.

பெயர்ச் சோதனையில் விளைவு இன்னும் கடுமை. ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துகளை மட்டும் ஏற்கும் கோவை தொடக்கநிலைப் பயிற்சிகளில் அடிக்கடி காணப்படுகிறது. தமிழ்வழி மாணவர் அதை அப்படியே எழுதினால், அவருடைய பக்கம் அவருடைய பெயரையே பிழை என்று திருப்பியனுப்பும். 2018ஆம் ஆண்டின் ஜாவாஸ்கிரிப்ட் தரம் எந்த மொழியின் எழுத்தையும் அதன் ஒருங்குறிப் பண்பால் அறியும் வழியைத் தந்துள்ளது. உயிர்க்குறியும் புள்ளியும் எழுத்து வகையில் சேராமல் குறி வகையில் சேர்வதால், இரு வகைகளையும் அனுமதித்தால்தான் தமிழ்ப்பெயர் ஏற்கப்படும். எழுத்தெண்ணிக்கைக்கும், பயனர் உணரும் எழுத்தாகப் பிரிக்கும் வசதி இன்றைய முதன்மை உலாவிகளில் உள்ளது. கருவிகள் இருக்கின்றன, பாடத்தில் அவற்றுக்கு இடமில்லை என்பதே குறை.

மாற்றுக் கருத்து

மாணவர் பின்னர் ஆங்கிலச் சூழலிலேயே பணியாற்றுவார். தமிழ் இலக்கணத்தின் வழியாக விளக்குவது சுற்றுவழி என்று ஒரு வாதம் எழலாம். அதில் உண்மையின் ஒரு பகுதி உண்டு. பண்புகளின் ஆங்கிலப் பெயர்களை மாணவர் அறிந்தே ஆக வேண்டும். அவற்றை மறைக்கும் தமிழாக்கம் அவருக்கு உதவாது. ஆனால் இங்குப் பரிந்துரைக்கப்படுவது பெயர்களின் மாற்றமன்று, விளக்கத்தின் ஒழுங்கு. 'சொடுக்குந்தோறும்' எனக் கற்றவர் காத்திருத்தல் என்னும் கருத்தைப் பெற்றுவிடுகிறார். அக்கருத்து எம்மொழிச் சூழலுக்கும் அவரோடு செல்லும். தமிழ் உள்ளீட்டைக் கையாளக் கற்றவர் இந்தி, தாய், அரபு உள்ளீடுகளைக் கையாளவும் ஆயத்தமாகிறார். ஆங்கிலத்தை மட்டும் கருதிக் கற்றவருக்கு இவ்வாய்ப்பு எளிதில் வாய்ப்பதில்லை.

முடிவுரை

மேற்கண்ட திறனாய்விலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன. ஜாவாஸ்கிரிப்ட் பாடத்தில் செயற்கூறுகளை அடுத்து நிகழ்வு தனி இயலாக அமைதல் வேண்டும். நிபந்தனைக்கும் நிகழ்வுக்கும் வெவ்வேறு வாய்பாடுகளைப் பாடநூல் சீராகக் கையாள வேண்டும். செயற்கூற்றுப் பெயர்கள் தொழிற்பெயராக அமைவது ஒப்படைத்தலையும் அழைத்தலையும் பிரித்துக்காட்டும். கணினித் தமிழ் இறுதி இயலில் ஒதுங்கி நிற்காமல், உள்ளீட்டு நிகழ்வின் பயிற்சியாகவே நிரலாக்கத்துள் வர வேண்டும்.

இலக்கணம் கற்பிக்கும் தமிழாசிரியரும் நிரல் கற்பிக்கும் கணினி ஆசிரியரும் ஒரே பள்ளியில் அடுத்தடுத்த வகுப்பறைகளில் பணியாற்றுகின்றனர். எச்சத்தையும் ஏவலையும் ஒருவர் விளக்க, அவ்வேறுபாட்டை மற்றவர் கணினித் திரையில் காட்ட முடியும். இதற்குப் புதிய நிதியோ புதிய கருவியோ தேவையில்லை. பாடநூல் ஆக்கக் குழுவில் இருதுறையினரும் ஒரு மேசையில் அமர்வதே தேவை. தமிழ்வழிக் கல்வியின் தகுதியை மதிப்பிட இன்றைய அளவுகோல் ஒன்றை இவ்வாறு கூறலாம்: தமிழ்வழி மாணவர் எழுதும் முதல் இணையப்பக்கம் அவர் பெயரைத் தமிழில் தட்டச்சிட்டவுடன் பிழையின்றி ஏற்க வேண்டும்.